நைனா பிடுங்கப் போன உண்ணி

என் காதுக்குள் முள்வாங்கி போன அன்று வீட்டில் இருந்தது நைனா, நான், மாமா மூன்று பேர்தான். நைனா என்றால் அப்பா. மாமா என்றால் அம்மாவின் தம்பி செல்வராசு. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா இல்லை. மாதா கோயிலுக்கு ஜெபமாலை சொல்லப் போயிருந்தாள். அம்மா இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று பிற்பாடு ஊரே சொன்னது. அம்மாவும் சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் இருந்திருந்தால் என் வியாதி இன்னும் ரொம்ப நாள் கண்டுபிடிக்கப்படாமல் கிடந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். இரண்டையும் ஒன்றாக மனசில் வைத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றவர்கள் வேறு. அங்கே அம்மா இருந்தாள், மாமா இருந்தார், ரத்தம் கொடுக்க வந்த ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் இருந்தார்கள். நைனா வரவில்லை.

இப்போது காதுக்குப் பின்னால் தழும்பு ஆறிவிட்டது. அடுத்த ஸ்கேனுக்கு நாள் இருக்கிறது. இந்த இடைவெளியில் எழுதிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. எனக்கு வந்த கட்டியைப் பற்றி ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்துகொண்டே போனில் தேடித் தேடிப் பார்த்தேன். தமிழில் ஒன்றும் அகப்படவில்லை. இங்கிலீஷில் கிடைத்ததைப் பாதி புரிந்துகொண்டு முழுசாகப் பயந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எனக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் எழுதுகிறேன்.

முதலில் வந்தது வலி இல்லை, சத்தம். கரண்ட் போயிருந்த ஒரு ராத்திரி வெளியே கட்டிலில் படுத்திருந்தேன். தூரத்தில் ஏதோ கழனியில் மோட்டார் ஓடுகிற மாதிரி இடது காதில் கேட்டது. உஸ், உஸ், உஸ்.

"யாரு கழனியில நைனா இந்நேரத்துக்கு மோட்டார் ஓடுது?"

"கரண்டே இல்ல, மோட்டார் எங்கடா ஓடும்? படு."

எழுந்து தெருமுனை வரைக்கும் போனேன். சத்தம் கூடவே வந்தது. வேகமாக நடந்தேன், அதுவும் வேகமானது. ஓடிப் பார்த்தேன், அதுவும் ஓடியது. கடைசியில் நின்று மணிக்கட்டில் விரலை வைத்தேன். நாடியும் சத்தமும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்குள் ஓடுகிற ரத்தம் எனக்கே கேட்கிறது என்று தெரிந்த பிறகு தூக்கம் எங்கே வரும்?

செஞ்சியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போர்டில் எழுதும்போது சாக்பீஸ் அந்தச் சத்தத்துக்குத் தாளம் போடும். சாப்பிடும்போது, பஸ்ஸில் போகும்போது, ஜெபத்தில் முட்டி போடும்போது, எப்போதும் உஸ், உஸ். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். போகப் போக அந்தக் காது மந்தமானது. இடது பக்க பெஞ்சுப் பசங்கள் பேசுவது கேட்கவில்லை. அதை எனக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "சாருக்கு லெஃப்ட் சைடு டவர் இல்லடா" என்று ஒருவன் சொன்னது என் வலது காதில் விழுந்தது.

மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டேன். ஒரு கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு சீழ் கோர்த்திருக்கிறது என்றார்கள்; இன்னொரு சொட்டு மருந்து. அம்மா தன் பங்குக்குக் கோயிலிலிருந்து மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்து விட்டாள். மாதம் மாதமாக என் காதுக்குள் ஊற்றியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பாட்டில் தேறும்.

இனி நைனாவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நைனாவுக்கு ஆடுதான் தொழில். கோட்டைக்குப் பின்பக்கத்துக் கரம்பில் மேய்ப்பார், வெள்ளிக்கிழமை செஞ்சி சந்தையில் விற்பார். சின்ன வயசிலிருந்து நானும் கூடப் போயிருக்கிறேன். சந்தையில் ஆடு வாங்குகிறவன் முதலில் தாடையைப் பிடித்து உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பான். வயசு அதில்தான் தெரியும். அப்புறம் விலை. அதை வாயால் சொல்லக் கூடாது, பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழுந்துவிடும். கையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேச்சு. ஒரு விரல், மூன்று விரல், முழுக் கை. பிடித்த கையை உருவிக்கொண்டால் வியாபாரம் முறிந்தது. உருவாமல் விட்டால் சம்மதம். வீட்டில் பேச நேர்ந்தால்கூட நைனா நாலு பேர் முன்னால் ஒரு தொகையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

ஆட்டுக் காதில் உண்ணி ஏறினால் எடுப்பதில் நைனா கெட்டிக்காரர். வேப்பெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அது பிடி தளர்ந்ததும் முள்வாங்கியால் அடியோடு பிடித்து இழுப்பார். தலை அறுந்து உள்ளே தங்காது.

அன்று சாயங்காலம் நான் காதைப் பொத்திப் பொத்தி எடுப்பதைப் பார்த்துவிட்டு மாமாதான் போன் டார்ச்சை அடித்துக் காதுக்குள் பார்த்தார்.

"டேய், உள்ள இன்னாமோ செவப்பா இருக்குதுடா. மாமா, இங்க வா, பாரு" என்று நைனாவைக் கூப்பிட்டார்.

நைனா வந்து என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு பார்த்தார். "உண்ணிடா! ரத்தம் குட்ச்சி உப்பிப்போயி இருக்குது. துடிக்குது பாரு, உசுரோட இருக்குது."

"நான் ஆட்டுப் பட்டியிலயா நைனா படுக்குறேன்?"

"நீ போயி படுக்கலன்னா அது வந்து படுத்துக்கினு இருக்கும். வாத்தியார்னு பாக்குமா அது?"

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அந்த நிமிஷம் வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. இத்தனை மாசமாகக் கேட்டது ஒரு உண்ணி ரத்தம் குடிக்கிற சத்தம்! அதனால்தான் நாடியோடு சேர்ந்து கேட்டது, அதனால்தான் சொட்டு மருந்துக்கு நிற்கவில்லை. கணக்கு வாத்தியாரான எனக்கே எல்லாம் கச்சிதமாகப் பொருந்தி வந்தது.

நைனா வேப்பெண்ணெயை லேசாகக் காய்ச்சி விட்டார். காத்திருந்தார். முள்வாங்கியை எடுத்தார். "ஆடாத. அவ்ளோதான், வந்துடுச்சி" என்றார்.

வந்தது ரத்தம். சொட்டவில்லை, பாய்ந்தது. நைனாவின் மடி, பாய், தரை எல்லாம் நனைந்தது. மாமா ஆட்டோவை எடுத்ததிலிருந்து செஞ்சி ஆஸ்பத்திரி வரைக்கும் நைனா துண்டைச் சுருட்டி என் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். துண்டு ஊறிப்போய் அவர் முழங்கை வழியாக வழிந்தது. வழியெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்: "உண்ணி மாதிரிதான்டா இருந்துச்சி."

செஞ்சியில் காதுக்குள் துணியைத் திணித்து ரத்தத்தை நிறுத்திவிட்டு, ஆம்புலன்சில் பாண்டிச்சேரி பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே காது வார்டில் சேர்த்தார்கள். சில நாள் கழித்து டாக்டரம்மா திணித்த துணியை மெதுவாக எடுத்து, மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்தார். பக்கத்தில் இருந்த டிவி பெட்டியில் என் காதின் உள்பக்கம் தெரிந்தது. கோவைப்பழம் மாதிரி ஒரு சதை. துடித்துக்கொண்டிருந்தது.

"யார் இதைப் பிடுங்கினது?"

"அது தானா வந்துடுச்சி மேடம்" என்றார் மாமா.

"நான்தாம்மா" என்றார் நைனா. "உண்ணின்னு நெனச்சிட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். "உண்ணி மாதிரியேதான் இருக்கு ஐயா" என்றார்.

பிறகு எங்களை உட்கார வைத்து விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இதற்குக் குளோமஸ் கட்டி என்று பெயர். செவிப்பறைக்குப் பின்னால், ரத்தக்குழாயையும் நரம்பையும் ஒட்டி, குண்டூசித் தலையைவிடச் சின்னதாகச் சில உயிரணுக் கொத்துகள் எல்லாருக்கும் உண்டு. மிக அபூர்வமாக யாரோ ஒருவருக்கு அது வளர ஆரம்பிக்கிறது. முழுக்க ரத்தக்குழாயாகவே வளர்கிறது. அதற்குள் பாய்கிற ரத்தம்தான் எனக்குக் கேட்ட மோட்டார் சத்தம். செவிப்பறையைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்த பகுதியைத்தான் நைனா பிடித்து இழுத்திருக்கிறார்.

"கேன்சரா மேடம்?" என்று கேட்டேன். கேட்கும்போது காதுக்குள் சத்தம் எகிறியது.

"பெரும்பாலும் இல்லை. ஆனா சும்மா இருக்காது. மெதுவா எலும்பை அரிச்சுக்கிட்டே போகும், எடுத்துத்தான் ஆகணும். வழக்கமா நடு வயசுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். உங்க வயசுப் பையனுக்கு வர்றது ரொம்பக் குறைவு."

"அப்ப எங்க அக்காவுக்கு வர வேண்டியது அட்ரஸ் மாறி வந்துடுச்சா மேடம்?" என்றார் மாமா. அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

நைனா மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வராண்டாவில் ஒரு சின்ன டாக்டர் இன்னொருவரிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது: இந்தக் கட்டியில் டெஸ்டுக்குத் துளி சதை எடுக்கக்கூட டாக்டர்களே பயப்படுவார்கள், இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் பையன் போயிருப்பான். மறுநாள் காலையில் நைனா, "ஆட்டைப் பாக்க ஆளில்ல" என்று கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் வரவில்லை.

இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அவர் இழுக்கலைன்னா நீங்க இன்னும் சொட்டு மருந்துதான் விட்டுக்கிட்டு இருந்திருப்பீங்க. கட்டி உள்ளுக்குள்ள போயிருக்கும். அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். போனில் சொன்னேன்.

"டாக்டருங்க ஆறுதலுக்கு அப்பிடித்தான் சொல்லுவாங்க. சாப்டியா?" என்றார் நைனா.

அப்புறம் டெஸ்டுகள். காது கேட்கும் திறனைப் பார்க்க ஒரு சத்தமில்லாத அறைக்குள் உட்காரவைத்து, பீப் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அவ்வளவு அமைதியில் எனக்கு என் நாடிதான் கேட்டது. எதற்கு அழுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் அழுத்தினேன். எலும்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்க்க சி.டி., கட்டி எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ., கழுத்தில் இதே மாதிரி இன்னொன்று ஒளிந்திருக்கிறதா என்று ஒரு ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒரு டோக்கன், ஒரு இரும்பு பெஞ்சு. என்னால் உட்கார முடியாது. வராண்டாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். "தம்பி, நீ பேஷண்டா, வாட்ச்மேனா?" என்று செக்யூரிட்டி கேட்டார்.

இன்னொரு டெஸ்ட் உண்டு. இந்தக் கட்டி சில பேருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற சுரப்பை ரத்தத்தில் கலந்துவிடும். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ஆபத்து. அதற்காக ஒரு முழு நாள் போகிற சிறுநீரையெல்லாம் ஒரே கேனில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். ரத்தம் நின்றிருந்ததால் இடையில் வீட்டுக்கு விட்டிருந்த நேரம் அது. நைனா பட்டியைவிட்டு வரவே இல்லை. நான் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டுக்குத் தழை கட்டினார். மறுநாள் கேனை மஞ்சள் பைக்குள் மறைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நான் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்டக்டர் கண்ணை உறுத்திவிட்டது.

"இன்னா தம்பி அது, சரக்கா?"

"இல்லண்ணே."

"சரக்குன்னா பாண்டியிலருந்து இங்க எடுத்தாருவானுங்க. நீ இன்னா இங்கருந்து அங்க எடுத்துக்கினு போற?"

"டெஸ்டுக்குண்ணே. மூத்திரம்."

பஸ்ஸில் பக்கத்து சீட் உடனே காலியானது. நான் இறங்கும்போது கண்டக்டர் மட்டும் தோளைத் தட்டி, "நல்லா ஆயிடும், போ" என்றார். அந்த ரிப்போர்ட்டில் குறை ஒன்றும் இல்லை.

எல்லா ரிப்போர்ட்டும் வந்து, மறுபடி வார்டில் சேர்த்த பிறகுதான் டாக்டரம்மா உண்மையான பயத்தைச் சொன்னார். கட்டி நடுக்காதை நிறைத்துக்கொண்டு, முகத்தை அசைக்கிற நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நூல் கனம்தான் அந்த நரம்பு. இடது கண்ணை மூடுவது, இடது உதட்டைத் தூக்குவது எல்லாம் அதன் வேலை. கட்டியைப் பிரிக்கும்போது அதற்கு அடிபட்டால் முகம் ஒரு பக்கம் தொங்கிவிடும். "காது கொஞ்சம் போகும். அதை நான் இப்பவே சொல்லிடுறேன். முகத்தைக் காப்பாத்த எல்லாம் செய்வேன். ஆனா வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

பிறகு புருவத்தைத் தூக்கச் சொன்னார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். கன்னத்தை உப்ப வைக்கச் சொன்னார். "பல்லைக் காட்டுங்க" என்றார்.

ஈ என்று காட்டினேன். சந்தையில் தாடையைப் பிடித்துத் தூக்கிய கிடா மாதிரி இருந்தது எனக்கு.

அன்றிலிருந்து வார்டு பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தேன். இந்த முகத்தோடுதான் நான் தினமும் அறுபது பிள்ளைகள் முன்னால் நிற்கிறேன். வாய் கோணினால் பசங்கள் என்ன பேர் வைப்பார்கள் என்றுகூட யோசித்தேன். நாலைந்து பேர் நானே கண்டுபிடித்தேன். பக்கத்துக் கட்டிலில் திண்டிவனத்து லாரி டிரைவர் ஒருவர், வலது காதில் சீழ் எலும்பு வரை போய் ஆபரேஷன் ஆனவர். அவருக்கு வலது கேட்காது, எனக்கு இடது கேட்காது. பேச வேண்டுமென்றால் இருவரும் தலையணையை எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டு படுப்போம். "வாத்தியாரே, கண்ணாடி தேஞ்சிடும். வந்து படு" என்பார். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே புளிக்குழம்பு சோறு பிசைந்து கொடுப்பாள்.

காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் அடங்கியது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருந்தது. தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கழுத்து வரை கொண்டுபோய், கட்டிக்கு ரத்தம் போகிற குழாய்களைத் துகள் வைத்து அடைப்பது. கழனிக்குத் தண்ணீர் போகிற மடையை அடைக்கிற மாதிரி. அடைக்காமல் கத்தி வைத்தால் ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. நரம்பு எது, கட்டி எது என்று பார்க்கவே முடியாது. அதற்கான சாமான்கள் அட்டைக்கு வெளியே. ஒன்றிரண்டு ஸ்கேனும் வெளியே. மாமா அதுவரைக்கும் ஆட்டோ ஸ்டாண்டில் கைமாற்று வாங்கி ஓட்டியிருந்தார். நைனாவுக்குப் போன் செய்து, எதற்கு எவ்வளவு என்று விளக்கினேன்.

"அத செஞ்சா மூஞ்சி நிக்குமா?"

"நிக்க வாய்ப்பு ஜாஸ்தி நைனா."

கொஞ்ச நேரம் ஆடுகள் கத்துவது மட்டும் கேட்டது. "வெள்ளிக்கிழமை ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா பணத்தைக் கட்டிவிட்டு ரசீதோடு வந்தார். "எவ்ளோ மாமா ஆச்சி? எத்தினி ஆட்ட வித்தாரு?" என்று கேட்டேன். "உங்க நைனா சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கிறாரு. நீ மூடிக்கினு படு" என்றார்.

குழாய் விட்டு அடைக்கிற அன்று எனக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. மேஜையில் படுத்துக்கொண்டு மேலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் உஸ், உஸ், உஸ். மருந்து பாயும்போது கன்னமெல்லாம் சூடானது. உஸ், உஸ். திடீரென்று நின்றது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு நொடி விடாமல் கேட்டுக்கொண்டிருந்த என் நாடி நின்றுவிட்டது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். "சிஸ்டர், நின்னுடுச்சி! நின்னுடுச்சி சிஸ்டர்!" என்று கத்தினேன்.

"எது நின்னுச்சு?" என்று அவர் பதறி மானிட்டரைப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு என் கையைப் பிடித்தார். "நிக்கத்தான் தம்பி இவ்வளவும் பண்றோம். அசையாம படுங்க."

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் தூங்க முடியவில்லை. அடிக்கடி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் ஆபரேஷன். காதுக்குப் பின்னால் கீறி, எலும்பைக் குடைந்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது தலையைச் சுற்றிக் கட்டு, வாயெல்லாம் வறட்சி. டாக்டரம்மா முகம் மங்கலாகத் தெரிந்தது.

"கண்ணை மூடுங்க."

மூடினேன். இடது கண்ணில் வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்தது.

"பல்லைக் காட்டுங்க."

காட்டினேன். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கட்டி முழுசா வந்துடுச்சு. நரம்பு அறுபடலை, நான் கண்ணால பார்த்தேன். ஆனா கட்டியைப் பிரிச்சதில வீங்கியிருக்கு. வேலை செய்ய மாட்டேங்குது. வாரக்கணக்கில ஆகலாம், மாசக்கணக்கில ஆகலாம்."

"வராமலே போகலாமா மேடம்?"

"வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்" என்றார்.

இடது கண்ணில் மருந்து தடவி பிளாஸ்திரி ஒட்டினார்கள். தண்ணீர் குடித்தால் இடது கடைவாய் வழியாக வழிந்தது. அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். போனில் நைனாவிடம், "புள்ள நல்லா இருக்கறான், ஒண்ணும் இல்ல" என்றாள். என்னிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என் பேச்சு குழறுவது தெரிந்திருக்கும். கட்டியை டெஸ்டுக்கு அனுப்பிய இடத்திலிருந்து கேன்சர் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அம்மா மாதாவுக்கு நன்றி சொல்லி அழுதாள். நான் பாத்ரூம் கண்ணாடிக்குப் போனேன்.

டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் மத்தியானம் நைனா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சந்தைக்குப் போகிற சட்டை. வார்டு வாசலிலேயே நின்றார்.

"வா மாமா" என்றார் என் மாமா. "ஆட்ட யாரு பாத்துக்கறது?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. வராமல் இருப்பதற்குச் சொல்ல நைனாவிடம் இனி ஆடு இல்லை.

நைனா கட்டில் பக்கத்தில் வந்தார். கட்டைப் பார்த்தார், பிளாஸ்திரி போட்ட கண்ணைப் பார்த்தார். அம்மா ஏதோ சொல்ல வந்தாள், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். பட்டி வாசம் அந்தக் கையில் இன்னும் இருந்தது.

"பல்லக் காட்டு."

காட்டினேன். வலது உதடு ஏறியது. இடது அப்படியே கிடந்தது. அவர் கட்டைவிரலால் அந்த உதட்டை மெதுவாக விலக்கி, விட்டு, மறுபடி பார்த்தார். சந்தையில்கூட அவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"நான்தான்டா இழுத்தேன்" என்றார்.

"நீ இழுத்ததுனாலதான் நைனா கண்டுபிடிச்சாங்க. மூஞ்சி இப்பிடி ஆனது ஆபரேஷன்ல. டாக்டரம்மா வருவாங்க, நீயே கேளு."

"வரட்டும், கேக்கறேன்." தாடையை விட்டார். "ரெண்டு பல்லு போடற குட்டி மாதிரிதான். இன்னிக்கு இல்லன்னா வராதுன்னு அர்த்தமா? வரும்."

வந்தது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய பிறகு, ஒரு மத்தியானம் இடது பெஞ்சுக்காரன் ஒருவன் போட்ட கணக்கைப் பார்த்து நான் சிரித்தபோது உதட்டு ஓரம் துள்ளியது. இன்று முக்கால்வாசி வந்துவிட்டது, கண் மூடுகிறது. காதில் பாதிதான் கேட்கிறது. இந்த மாதிரி நாடிச் சத்தம் யாருக்காவது காதில் கேட்டால், எண்ணெய், சொட்டு மருந்து, முள்வாங்கி எதையும் தொடாமல் காது டாக்டரிடம் போய், மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

ஆனால் அன்று மத்தியானம் உதடு வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. நைனா கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எவ்ளோ நைனா ஆச்சி? இப்பனா சொல்லு."

அவர் சுற்றிலும் பார்த்தார். அம்மா, மாமா, தலையணையில் சாய்ந்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்த லாரி டிரைவர். நைனா தோளிலிருந்து துண்டை எடுத்தார். ஊசி ஏறிய என் கையின் மேல் போட்டார். துண்டுக்கு அடியில் கையை விட்டார்.

முதலில் என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தார். லட்சம். விட்டு, மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தார். முப்பது. கடைசியில் முழுக் கையையும் பிடித்தார். ஐந்து. பட்டியில் இருந்த பதினெட்டு உருப்படியும்.

கையை நான் உருவவில்லை. அவரும் உருவவில்லை. ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம்.